குழாய் போகும் ஓட்டையை எதைக் கொண்டு அடைப்பது?

மாடிக் குளியலறையைப் பிரித்து வேலை நடந்துகொண்டிருந்த நாளில், கீழ்வீட்டில் ஏணி போட்டு ஏறி, பொய்க்கூரையைக் கழற்றி அண்ணாந்து பார்த்தேன். கழிவுக் குழாயைச் சுற்றிப் பிறை வடிவில் வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்துக்குள் மேலே நின்ற கொத்தனாரின் செருப்பும் தெரிந்தது. இரண்டு குடும்பங்களுக்கு நடுவே தடுப்பாக இருக்க வேண்டிய கான்கிரீட் தளத்தில், இத்தனை வருடமும் ஒரு கைநுழையும் சந்து இருந்திருக்கிறது.

"ஒரு கரண்டி சிமென்ட் போதும் சார்" என்றார் கொத்தனார். பிளம்பர், பீய்ச்சியதும் பொங்கி இறுகும் நுரையான ஃபோம் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டார். தீயணைப்புக் கருவிகள் பொருத்தும் வேலை செய்யும் நண்பரிடம் கேட்டால், "காலர் போடாமல் விடாதே" என்றார். காலர் என்பது குழாயைச் சுற்றி மாட்டும், சூடானால் வீங்கி அடைக்கும் வளையம். மூன்று பேரும் ஒரே ஓட்டையைப் பற்றித்தான் பேசினார்கள். பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான், மூவர் சொன்னதும் ஏதோ ஒரு குழாய்க்குச் சரி என்பது புரிந்தது. எந்தக் குழாய்க்கு எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நாம் அடைக்கப் பார்ப்பது குழாய்க்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை. தீப்பிடித்த பிறகு அந்தக் குழாயே இருக்குமா, உருகிப் போய்விடுமா என்று யாரும் கேட்பதில்லை. பிவிசி குழாய் 80 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே தளர ஆரம்பித்துவிடும். எச்டிபிஇ என்ற இன்னொரு பிளாஸ்டிக் 130 டிகிரி அளவில் உருகும். தீ ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 834 வெப்ப வளைகோட்டின்படி உலையின் சூடு 5 நிமிடத்தில் 576 டிகிரி, 30 நிமிடத்தில் 842, ஒரு மணி நேரத்தில் 945. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். ஆக, ஒரு மணி நேரத் தீயில் செம்புக் குழாய் இருந்த இடத்தில் இருக்கும். பிளாஸ்டிக் குழாய் முதல் சில நிமிடங்களிலேயே போய்விடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 110 மில்லிமீட்டர் கழிவுக் குழாயைச் சுற்றி 5 மில்லிமீட்டர் சந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்தின் பரப்பு சுமார் 18 சதுர சென்டிமீட்டர். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்போ 95 சதுர சென்டிமீட்டர். 18-ஐ அழகாகப் பூசி மெழுகிவிட்டு, தீயில் 95-ஐத் திறந்துவிடுவதுதான் பல வீடுகளில் நடப்பது.

எனவே அடைப்புப் பொருள்கள் இரண்டு சாதி. இருக்கும் சந்தை நிரப்புவது ஒன்று. குழாய் உருகும்போது தானே வீங்கி, அது விட்டுப்போகும் வெற்றிடத்தையும் நெரித்து மூடுவது மற்றொன்று. உலோகக் குழாய்க்கு முதல் சாதி போதும். பிளாஸ்டிக்குக்கு இரண்டாவதுதான் வேண்டும். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே சிவப்பு லேபிளோடு நிற்கும் என்பதுதான் தொல்லை.

எந்தச் சுவர், எந்தத் தளம்?

வீட்டில் உள்ள எல்லா ஓட்டைக்கும் இந்தக் கவலை தேவையில்லை. சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே கதவே இல்லாத வீட்டில், அந்தச் சுவரில் போகும் குழாயைச் சுற்றித் தீத்தடுப்பு சீலன்ட் (சந்தை மூடும் பசை) பூசுவது வீண்வேலை. ஒரு குடியிருப்புக்கும் அடுத்த குடியிருப்புக்கும் இடையே உள்ள சுவர், மாடிக்கும் மாடிக்கும் இடையே உள்ள தளம், வீட்டோடு ஒட்டிய கார் நிறுத்துமிடத்தின் சுவர், எல்லாத் தளங்களையும் தொட்டுச் செல்லும் குழாய் ஷாஃப்ட் ஆகிய நான்கும்தான் முக்கியம். மரச்சட்ட வீடுகளில் ஐந்தாவதாக ஒன்று உண்டு. குளியல் தொட்டியின் அடியில், கழிவுப் பொறியை (நீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைந்த குழாய்) பொருத்த வசதியாக இருக்கட்டும் என்று தரைப்பலகையில் வெட்டிவிடும் பெரிய சதுர ஓட்டை அது. தொட்டியை வைத்த பிறகு யார் கண்ணிலும் படாது.

இவற்றிலும் தளத்தில் உள்ள ஓட்டைதான் அதிகம் மிரட்டும். சூடான புகை மேலே போகத்தான் பார்க்கும். தீப்பிடித்த அறையின் மேல்பகுதியில் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், கூரையில் உள்ள சிறு சந்து வழியே புகை பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். தீ விபத்துகளில் சுட்டெரிந்து இறப்பவர்களைவிடப் புகையால் இறப்பவர்களே அதிகம். அதனால் ஓட்டையை அடைப்பது தீயை நிறுத்த மட்டுமில்லை. அதற்கு முன்பே வந்துவிடும் புகையை நிறுத்தவும்தான்.

சிமென்ட் கலவை

கொத்தனார் சொன்னது முட்டாள்தனம் கிடையாது. செம்பு, இரும்பு, ஜிஐ குழாய் கான்கிரீட் தளத்தையோ செங்கல் சுவரையோ துளைத்துப் போனால், சுவரின் முழுத் தடிமனுக்கும் சிமென்ட் கலவையையோ கிரவுட்டையோ நிரப்புவது நல்ல, மலிவான, நெடுநாள் நிற்கும் வழி. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகளே இதற்குத் தனி விலக்கு தருகின்றன. 6 அங்குலத்துக்கு மேற்படாத எஃகு, வார்ப்பிரும்பு, செம்புக் குழாய், 144 சதுர அங்குலத்துக்கு மேற்படாத ஓட்டை என்றால், கான்கிரீட்டில் சாதாரணக் கலவையே போதும். தனியாகச் சோதித்துச் சான்று பெற்ற பொருள் வேண்டியதில்லை.

முழுத் தடிமன் என்ற சொல்லைக் கவனியுங்கள். மேலே ஒரு சென்டிமீட்டர் பூசிவிட்டு, உள்ளே சிமென்ட் பையைச் சுருட்டித் திணித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். செய்தித்தாளும் திணிப்பார்கள். அது அடைப்பு ஆகாது, மூடிபோட்ட விறகு.

கலவையின் பலவீனம் அதன் விறைப்பு. வெந்நீர் ஓடும் குழாய் நீளும், பிறகு சுருங்கும். 10 மீட்டர் செம்புக் குழாய் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும். பிவிசி, சிபிவிசி போன்றவை 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை. பெக்ஸ் எனும் வளையும் பிளாஸ்டிக் குழாய் 50-ஐயும் தாண்டும். அசையும் குழாயை அசையாத கலவை இறுக்கிப் பிடித்தால், கலவை விரிசல் விடும், அல்லது குழாய் தேயும். இரவில் டிக் டிக் என்று சத்தம் வேறு கேட்கும். குளிர்நீர்க் குழாய்க்கும் பழைய வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய்க்கும் கலவை பொருந்தும். வெந்நீர்க் குழாய்க்கு நான் அதைப் போடமாட்டேன்.

பிளாஸ்டிக் குழாய்க்குக் கலவை மட்டும் என்றால் பதில் ஒரே சொல்: போதாது. 95 சதுர சென்டிமீட்டர் கணக்கை மறந்துவிடக் கூடாது.

ஜிப்சம் கலந்த தீத்தடுப்புக் கலவைகளும் உண்டு. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், அதனுள் வேதியியலாகப் பிணைந்த நீர். சூடேறும்போது அந்த நீர் ஆவியாகி வெளியேறும். அது தீரும் வரை மறுபக்கம் அவ்வளவாகச் சூடேறாது. பல உலோகக் குழாய்கள் ஒன்றாகப் போகும் பெரிய ஓட்டைக்கு இது பொருத்தம். ஈரம் படும் இடத்தில் வேண்டாம்.

ராக் வூலும் அக்ரிலிக் சீலன்ட்டும்

உலோகக் குழாய்க்கு என் முதல் விருப்பம் இதுதான். சந்துக்குள் ராக் வூலை (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) நெருக்கமாகத் திணித்து, இரு முகங்களிலும் தீத்தடுப்பு அக்ரிலிக் சீலன்ட்டைத் தேவையான ஆழத்துக்குப் பூசி வழித்துவிட வேண்டும். வூல் வெப்பத்தைத் தடுக்கும். சீலன்ட் புகையைத் தடுக்கும். குழாய் லேசாக அசையவும் இடம் கிடைக்கும். கலவையைப்போல உடைத்து எடுக்க வேண்டியதில்லை, கத்தியால் கீறி எடுத்துவிடலாம். பின்னால் இன்னொரு குழாய் இழுக்க வேண்டி வந்தால் இதன் அருமை தெரியும்.

வூல் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். கிளாஸ் வூலும் ராக் வூலும் தொட்டுப் பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும், தீயில் ஒன்றல்ல. ராக் வூல் இழைகள் 1000 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். கிளாஸ் வூல் அதற்கு வெகு முன்பே உருகிச் சுருங்கிவிடும். அடைப்புக்கு ராக் வூல்தான், அதுவும் தளரத் தளர வைக்கக் கூடாது.

அக்ரிலிக் தண்ணீரைக் கலந்து செய்தது. காய்வதற்குள் தண்ணீர் பட்டால் கரைந்தோடும். காயும்போது சற்றுச் சுருங்கும். ஷவர் பகுதிக்கு அடியில், எப்போதும் கசியும் இடத்தில், இதைவிடத் தீத்தடுப்பு சிலிகோன் மேல். அதன் மேல் பெயின்ட் ஒட்டாது, ஆனால் நன்றாக நெகிழும், தண்ணீருக்கு அசையாது. சிலிகோனிலும் இரண்டு வகை உண்டு. வினிகர் வாடை அடிப்பது அசிட்டிக் வகை. அது காயும்போது விடும் அமிலம் செம்பை அரிக்கும். செம்புக் குழாய்க்கு நியூட்ரல் வகையையே கேட்டு வாங்குங்கள். குளியலறை ஓரத்துக்குப் பூசும் சாதாரண சிலிகோன், தீத்தடுப்பு என்ற கணக்கிலேயே வராது.

உலோகக் குழாயிலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. அது உருகாது, ஆனால் சூட்டைக் கடத்தும். இந்தப் பக்கம் தீ எரிந்தால் அந்தப் பக்கக் குழாய் கொதிக்கும், அதில் சாய்ந்திருக்கும் பலகையோ துணியோ பற்றிக்கொள்ளும். சோதனைகளில் இதற்குத் தனி அளவே உண்டு. ஐரோப்பிய முறையில் 'ஈ' (E) என்ற ஆங்கில எழுத்து தீயும் சூடான வாயுவும் கடக்காத நேரத்தைக் குறிக்கும். 'ஐ' (I) என்ற எழுத்து மறுபக்கம் 180 டிகிரிக்கு மேல் சூடு கூடாத நேரத்தைக் குறிக்கும். அமெரிக்க முறையில் இவற்றையே எஃப் என்றும் டி என்றும் பிரித்திருக்கிறார்கள். உலோகக் குழாய் முதல் அளவில் சுலபமாகத் தேறும், இரண்டாவதில் திணறும். சுவரின் இருபுறமும் குழாய்மேல் கொஞ்சத் தூரத்துக்கு ராக் வூல் உறை போட்டால் அதிலும் தேறிவிடும்.

ஃபோம்

பிளம்பர் கையில் எப்போதும் இருப்பது இதுதான். ஒரு விசையை அழுத்தினால் ஓட்டை மறைந்துவிடும், வேலை முடிந்ததுபோல் தோன்றும். சாதாரண பாலியூரிதேன் ஃபோம் நன்றாக எரியும். 1975 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில், சுவரில் கேபிள் போகும் ஓட்டையில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க ஒரு தொழிலாளி மெழுகுவர்த்தியைக் காட்டினார். அடைத்திருந்த பாலியூரிதேன் ஃபோம் பற்றிக்கொண்டது. காற்று அழுத்த வேறுபாட்டால் தீ சுவருக்கு அந்தப் பக்கம் இழுபட்டுப் போனது. ஏழு மணி நேரம் போல எரிந்து, ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கேபிள்கள் பாழாயின. அணு உலையாக இருந்தாலும் வீடாக இருந்தாலும் ஃபோமின் குணம் ஒன்றுதான்.

"இது ஃபயர் ஃபோம், இளஞ்சிவப்பு நிறம், பி1 என்று போட்டிருக்கிறது" என்பார்கள். பி1 என்பது ஜெர்மனியின் டிஐஎன் 4102 தரத்தில் வரும் வகை. அந்தப் பொருள் எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதை மட்டும்தான் சொல்லும். ஒரு சுவரின் ஓட்டையில் வைத்தால் தீயை எத்தனை நிமிடம் தடுத்து நிறுத்தும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாத டப்பா எந்த நிறத்தில் இருந்தாலும் எனக்கு வேண்டாம். நேர்மையாகச் சோதித்த ஃபோம்களும் இருக்கின்றன. அவற்றில் பல, கான்கிரீட்டிலும் செங்கல்லிலும் உள்ள ஒடுங்கிய நேர்கோட்டு இணைப்புகளுக்காகச் சோதித்தவை. கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து மாதிரி. குழாய் ஓட்டைக்கு, அதுவும் பிளாஸ்டிக் குழாய்க்கு, அதே டப்பாவை நீட்டுவது சோதிக்காத ஒன்றை நம்புவதுதான்.

காலர் வேண்டுமா, சுற்றுப்பட்டை வேண்டுமா?

பிளாஸ்டிக் குழாய்க்கு வரும்போது உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

இரண்டின் உள்ளேயும் இருப்பது ஒரே மாதிரியான சரக்கு: இன்டுமெசென்ட், அதாவது சூடானால் வீங்கும் பொருள். பெரும்பாலும் விரியும் கிராஃபைட். 200 டிகிரி அளவில் அது பொங்கத் தொடங்கி, பழைய பருமனைப்போல் பல மடங்கு ஆகும். அதற்குள் பிவிசி மாவாகத் தளர்ந்திருக்கும். வீங்கும் கிராஃபைட் அந்தக் குழாயைக் கசக்கி நெரித்து, கரியடைப்பாக நின்றுவிடும். சப்பாத்தி மாவு உருண்டையை உள்ளங்கையில் பிதுக்குவதுபோல.

வீங்கும் பொருள் எந்தத் திசையில் வீங்கும் என்பதுதான் கேள்வி. தடுக்க ஏதும் இல்லாவிட்டால் வெளிப்பக்கமாகவும் வீங்கி வீணாகும். காலரில் அதைச் சுற்றி எஃகு ஓடு இருக்கிறது. வெளியே போக வழியில்லாமல் உள்ளே குழாயை நோக்கியே தள்ளும். சுற்றுப்பட்டையில் அந்த ஓடு இல்லை. குழாயின் மேல் சுற்றி, ஓட்டைக்குள் நுழைத்து, வெளியே கலவையாலோ சீலன்ட்டாலோ இறுக்கமாக அடைத்தால் சுவரே ஓடாக வேலை செய்யும். அதனால் பட்டைக்கு ஓட்டை அளவாக இருக்க வேண்டும். கண்டபடி உடைத்த பெரிய ஓட்டைக்குள், தளர்ந்த வூலின் நடுவே பட்டையைச் சுற்றிவிட்டுப் போனால் தீயில் அது வெளிப்பக்கம் பொங்கி நிற்கும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் குழாய்க்கு நான் காலரைத்தான் சொல்வேன். நடுவே பிளந்து திறக்கும், குழாயைச் சுற்றி மாட்டி மூடிவிடலாம், குழாயை வெட்ட வேண்டாம். தளத்தின் அடிப்பக்கத்தில் வைத்து எஃகு ஆங்கரால் இறுக்க வேண்டும். தளம் என்றால் வழக்கமாகக் கீழ்ப்பக்கம் ஒன்று போதும், தீ பெரும்பாலும் கீழிருந்துதான் ஏறும். சுவர் என்றால் இருபுறமும் ஒவ்வொன்று வேண்டும், தீ எந்த அறையில் பிடிக்கும் என்று சுவருக்குத் தெரியாது. சுவரில் ஒரு காலர் போட்டுவிட்டுத் திருப்தியடைபவர்கள் நிறையப் பேர். காலரைப் பிளாஸ்டிக் பிளக்கில் திருகி மாட்டுபவர்கள் அதைவிட அதிகம். குழாய் உருகும் நேரத்தில் பிளக்கும் உருகும். வீங்க வேண்டிய காலர் கழன்று தரையில் விழுந்துகிடக்கும்.

காலருக்கும் குறை உண்டு. குழாய் சுவரை ஒட்டி மூலையில் போனால் முழு வட்டமாக மாட்ட இடம் இருக்காது. ஓட்டையின் வாயிலேயே சாக்கெட்டோ பெண்டோ இருந்தால் அளவு பொருந்தாது. நேர்க்குழாய்க்குச் சோதித்த காலரை வளைவின் மேல் மாட்டினால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. இரண்டு குழாய்கள் தோளோடு தோள் உரசிப் போகும் இடத்திலும் இதே கதை. இப்படிப்பட்ட நெருக்கடியில், புதிதாகத் துளையிடும் இடத்தில், பொய்க்கூரை இல்லாததால் காலர் கண்ணை உறுத்தும் இடத்தில் பட்டை வெல்கிறது. உள்ளே மறைந்துவிடும், மேலே பூசிவிடலாம். மறைந்துவிடுவதே அதன் ஆபத்தும்: சரியாக வைத்தார்களா என்று பின்னால் யாராலும் பார்க்க முடியாது.

கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும் நிலையில் இருந்தால் மூன்றாவதாக ஒரு வழி உண்டு. கான்கிரீட் போடும் முன்பே பலகையில் காலரை ஆணியடித்து வைத்து, ஸ்லாபோடு வார்த்துவிடுவது. துளையிடும் வேலையும் இல்லை, பிறகு அடைக்கும் வேலையும் குறைவு. குழாயின் இடத்தை முன்கூட்டியே மில்லிமீட்டர் பிசகாமல் முடிவுசெய்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வீடு கட்டும்போது குளியலறைத் திட்டத்தை எத்தனை தடவை மாற்றுகிறோம் என்று யோசித்தால், இது எல்லோருக்கும் ஒத்துவராது.

சிறு பிளாஸ்டிக் குழாய்களுக்குக் காலர் கட்டாயமில்லை. கைகழுவும் தொட்டியின் மெல்லிய கழிவுக் குழாய்க்கும் குடிநீர் பெக்ஸ் குழாய்க்கும், வீங்கும் வகை சீலன்ட்டை ஆழமாக நிரப்பினாலே சோதனையில் தேறுபவை உண்டு. இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டி, தனிப்பட்ட சாதனம் இல்லாமல் சுற்றி அடைத்தால் போதும் என்று அனுமதிக்கும் உள்விட்டம், எரியாத குழாய்க்கு 160 மில்லிமீட்டர், மற்றவற்றுக்குப் பொதுவாக 40. இடையே சில விலக்குகள் இருந்தாலும், மனத்தில் வைத்துக்கொள்ள 40 நல்ல எல்லை. அதைத் தாண்டிய பிளாஸ்டிக் குழாயைப் பார்த்தால் காலரையோ பட்டையையோ நினைத்துக்கொள்ளலாம்.

ஏமாற்றும் குழாய்கள் சில உண்டு. நடுவே அலுமினியப் படலம் உள்ள பெக்ஸ் குழாய், பார்க்க உலோகம்போல் விறைப்பாக இருக்கும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும். அதைப் பிளாஸ்டிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். ரப்பர் ஃபோம் உறை போட்ட செம்புக் குழாயும் அப்படித்தான். செம்பு நிற்கும், உறை எரிந்துபோய் அந்தப் பருமனுக்கு வளையமாக ஓட்டை விழும். உறையின் மேல் சுற்றுப்பட்டை வேண்டும், அல்லது சுவருக்குள் மட்டும் உறையை ராக் வூலாக மாற்றிவிட வேண்டும்.

லேபிளில் எதைப் படிப்பது

"4 மணி நேரம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது எந்தக் குழாய்க்கு, எந்தச் சுவரில், எவ்வளவு சந்துக்கு என்பது பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. தடித்த கான்கிரீட்டில் மெல்லிய செம்புக் குழாயை வைத்துப் பெற்ற 4 மணி நேரம், ஜிப்சம் பலகைச் சுவரில் போகும் 110 மில்லிமீட்டர் பிவிசிக்கு ஒரு நிமிடத்தைக்கூட உறுதி செய்யாது. குழாய் அடைப்புகளுக்கான சோதனை ஐரோப்பாவில் இஎன் 1366-3, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் இ814 அல்லது யுஎல் 1479. இந்த எண்களில் ஒன்றும், அதனோடு உங்கள் குழாய், உங்கள் சுவர், உங்கள் சந்து அளவும் விவரத்தாளில் சேர்ந்து இருந்தால்தான் அது சான்று.

ஐரோப்பிய விவரத்தாளில் யு/யு, யு/சி, சி/சி என்று ஒரு குறி வரும். பலரும் தாண்டிப் போய்விடும் இதுதான் கழிவுக் குழாய்க்கு உயிர்நாடி. முதல் எழுத்து உலைக்குள் இருக்கும் குழாய்முனை திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது, இரண்டாவது வெளியே உள்ள முனை. யு என்றால் திறந்தது, சி என்றால் மூடியது. கழிவுக் குழாய் மொட்டைமாடியில் காற்றுப்போக்கியாகத் திறந்திருக்கும். தீயில் அது புகைபோக்கிபோல் இழுக்கும். இரு முனையும் மூடி வைத்து, அதாவது சி/சி முறையில் சோதித்த அடைப்பு அந்த இழுப்பைப் பார்த்ததே இல்லை. கழிவுக் குழாய்க்கு யு/யு என்று இருந்தால் வாங்கலாம். எப்போதும் நீர் நிரம்பி மூடியிருக்கும் குடிநீர்க் குழாய்க்கு இவ்வளவு கடுமை தேவையில்லை.

சிபிவிசி குழாய் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சில சீலன்ட்களிலும் பட்டைகளிலும் உள்ள பிளாஸ்டிசைசர் (பொருளை இளக்கமாக வைக்கச் சேர்ப்பது) அந்தக் குழாயை மெல்ல மெல்லத் தாக்கி விரிசல் விடவைக்கும். தீக்காக அடைத்தது தண்ணீர்க் கசிவில் முடியும். குழாய் தயாரிப்பாளர் வெளியிடும் ஒத்துப்போகும் பொருள்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஓட்டைகளை அடைப்பதா, ஷாஃப்ட்டை மூடுவதா?

பத்துக் குழாய்கள் ஒரே ஷாஃப்ட்டில் போனால் கேள்வியே மாறுகிறது. ஒவ்வொரு தளத்திலும் ஷாஃப்ட்டின் குறுக்கே அடைத்துவிடலாம். இல்லையென்றால் ஷாஃப்ட்டை அடிமுதல் முடிவரை ஒரே குகையாக விட்டு, அதன் சுவர்களையும் கதவுகளையும் தீத்தாங்கும்படி செய்யலாம். இரண்டாவது வழியில் குழாய் ஷாஃப்ட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு பக்க ஓட்டையும் கணக்கில் வரும். பராமரிப்புக் கதவும் வரும். ஒரே ஒரு வீட்டுக்காரர் புதிதாக ஒரு குழாயை நுழைத்துச் சுற்றி விட்டுவிட்டால், எல்லா மாடிக்கும் புகைபோக்கி தயார். பலர் வசிக்கும் கட்டடத்தில் நான் தளத்துக்குத் தளம் அடைப்பதையே ஆதரிப்பேன். ஒருவர் செய்யும் தவறு ஒரு மாடியோடு நிற்கும். அந்தப் பெரிய திறப்புக்குப் பூச்சு பூசிய ராக் வூல் பலகை வசதி. அளவுக்கு வெட்டி, குழாய்களைச் சுற்றிப் பொருத்தி, விளிம்புகளை சீலன்ட்டால் மூடலாம். பலகைக்குள் போகும் பிளாஸ்டிக் குழாய்களுக்குக் காலர் தனியாக வேண்டும். பலகையைத் துளைத்து மறுபக்கம் வரை போகும் திருகுக்கம்பியில்தான் அதை மாட்ட வேண்டும், வூலில் ஆங்கர் பிடிக்காது. பலகை மேல் யாரும் கால் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது தரைபோல் தெரியும், தரை இல்லை.

எதைத் தேர்ந்தாலும் குழாயைத் தாங்கும் கிளாம்ப் எதனால் ஆனது என்று பாருங்கள். சுவருக்குப் பக்கத்தில் உள்ள பிடி பிளாஸ்டிக் என்றால், தீயில் முதலில் போவது அதுதான். செம்புக் குழாய் தொங்கி, தன் எடையால் அடைப்பைப் பிய்த்துக்கொண்டு இறங்கும். சால்டர் வைத்துப் பற்றவைத்த செம்பு இணைப்பும் 230 டிகிரி அளவிலேயே விட்டுவிடும் என்பதால் பிடி இன்னும் முக்கியம். சுவரின் இருபுறமும் எஃகுக் கிளாம்ப் ஒவ்வொன்று போதும்.

கடைசியில் அந்தப் பிறை வெளிச்சத்துக்கு நண்பர் சொன்னதே வென்றது. கொத்தனார் அந்தச் சந்தை முழுத் தடிமனுக்கும் கலவை வைத்து நிரப்பினார், தளத்தின் அடியில் 110 மில்லிமீட்டர் காலரை நான்கு எஃகு ஆங்கரில் மாட்டினோம். பக்கத்தில் போன இரண்டு செம்பு வெந்நீர்க் குழாய்களுக்கு ராக் வூலும் அக்ரிலிக்கும். கைகழுவும் தொட்டியின் சிறு குழாய்க்கு வீங்கும் சீலன்ட். பிளம்பரின் ஃபோம் டப்பாவுக்குக் குளியலறை ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வேலை கிடைத்தது. பொய்க்கூரையை மூடும் முன் நான்கு ஓட்டைகளையும் படம் எடுத்து, எதில் என்ன வைத்தோம் என்று எழுதி, கீழ்வீட்டுக்காரரிடமும் ஒரு பிரதி கொடுத்தேன். அவர் முதலில் கேட்டது: "அப்போ மேலிருந்து தண்ணி சொட்டுறதும் நிக்குமா?" அதற்கு வேறு வேலை இருக்கிறது. தரையின் நீர்த்தடுப்புப் பூச்சைப் பிறகு தனியாகச் செய்தோம்.